மாதம் 250 ரூபாய்: நின்றுபோனதே தெரியாமல் நான் கொடுத்த நன்கொடை

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சுநடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)

இந்த எபிசோடைக் கேட்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. உங்க யூபிஐ ஆப்பைத் திறங்க. உள்ள 'ஆட்டோபே'ன்னு ஒரு பகுதி இருக்கும். அதுல என்னென்ன ஓடிக்கிட்டு இருக்குன்னு பாருங்க. ஒரு ஓடிடி, ஒரு மியூசிக் ஆப், ரெண்டு நாள் மட்டும் போய்ட்டு விட்ட ஒரு ஜிம். அதுக்கு நடுவுல 100 ரூபாய், 250 ரூபாய்னு ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தோட பேரும் இருக்கலாம். இன்னிக்கு அந்த ஒரு வரியைப் பத்திதான் பேசப் போறேன்.

மாசாமாசம் தானா கழியுற மாதிரி சின்னத் தொகையை நன்கொடையா கொடுக்கிறது நல்லதா? அதுல என்ன லாபம், என்ன சிக்கல்? இதைப் பத்திப் பேச எனக்கு என்ன தகுதின்னு கேட்டா, இந்த விஷயத்துல நான் கேவலமா சொதப்பியிருக்கேன். அதுதான் தகுதி.

என் கதை

2021 மே மாசம். கொரோனா ரெண்டாவது அலை. வீட்டுல உக்காந்து லேப்டாப்ல வேலை. ஃபோனைத் திறந்தாலே ஆக்சிஜன் கிடைக்குமா, படுக்கை கிடைக்குமான்னு மெசேஜ். எனக்கு வேலை இருந்தது, சம்பளம் வந்துகிட்டு இருந்தது. அந்தக் குற்ற உணர்ச்சியில ஒருநாள் ராத்திரி, சென்னைக்கு வெளியில இருக்கிற ஒரு முதியோர் இல்லத்தோட இணையதளத்துல என் டெபிட் கார்டு நம்பரைப் போட்டு, மாசம் 250 ரூபாய்னு பதிவு பண்ணேன். இல்லத்தோட பேரை இங்க சொல்லல.

அதோட அதை மறந்துட்டேன். மறக்கிறதுக்குத்தானே ஆட்டோ டெபிட்? அப்படித்தான் நினைச்சேன்.

2024 ஜனவரி கடைசியில ஆபீஸ்ல ஒரு நண்பன் கேட்டான். "டேய், நீ ஏதோ ஒரு இல்லத்துக்கு மாசாமாசம் குடுப்பியே, அந்த லிங்க் அனுப்புடா. நானும் ஆரம்பிக்கிறேன்." சரின்னு லிங்க் தேட பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் திறந்தேன். ஜனவரியில இல்ல. டிசம்பர்ல இல்ல. பின்னாடி போய்கிட்டே இருந்தேன். கடைசியா பணம் கழிஞ்சது 2021 செப்டம்பர்.

மொத்தம் 5 மாசம். 1,250 ரூபாய். அதுக்கப்புறம் 28 மாசம் ஒரு பைசா போகல. ஆனா அந்த 28 மாசமும், "நான் ஒரு இடத்துக்கு ரெகுலரா குடுக்கிறேன்"னு நான் சொல்லிக்கிட்டுதான் இருந்தேன். மத்தவங்ககிட்ட சொன்னதைக் கூட விடுங்க. எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். 2022ல எங்க ஆபீஸ்ல ரத்ததான முகாம் நடந்தது. எனக்கு ஊசின்னா பயம். "நாமதான் வேற ஒரு வழியில செய்யறோமே"ன்னு சொல்லிட்டு என் சீட்டை விட்டு எழுந்திருக்கல. நான் எதைச் சாக்கா சொன்னேனோ, அது அப்ப உயிரோடவே இல்ல.

என்ன நடந்துச்சுன்னா, 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியோட புது விதி முழுசா நடைமுறைக்கு வந்தது. கார்டுலேர்ந்து மாசாமாசம் தானா பணம் எடுக்கணும்னா, ஆரம்பத்துல ஓடிபி மாதிரி கூடுதல் சரிபார்ப்போட பதிவு பண்ணியிருக்கணும். பணம் எடுக்கிறதுக்குக் குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடி நமக்குத் தகவல் வரணும். எப்ப வேணா நிறுத்துற வசதி இருக்கணும். நம்ம பாதுகாப்புக்கான நல்ல விதிதான். ஆனா அதுக்கு முன்னாடி பழைய முறையில பதிவு பண்ணதெல்லாம் அப்படியே நின்னுபோச்சு. திரும்பப் பதிவு பண்ணணும். ஓடிடி நின்னப்போ அடுத்த நாளே பண்ணிட்டேன், ஏன்னா படம் ஓடல. நன்கொடை நின்னப்போ எனக்கு எதுவும் ஓடாம போகல.

இல்லத்துலேர்ந்து மெயில் வந்திருக்கு. மூணு தடவை. ப்ரமோஷன்ஸ் டேப்ல, ஷூ தள்ளுபடிக்கும் பீட்சா கூப்பனுக்கும் நடுவுல, படிக்காம கிடந்துச்சு.

என் தொழில்ல இதுக்குப் பேரு 'சைலன்ட் ஃபெயில்யூர்'. ஒரு வேலை ராத்திரி 2 மணிக்குத் தானா ஓடணும்னு எழுதி வைப்போம். அது ஓடலன்னா அலாரம் அடிக்கிற மாதிரியும் எழுதி வைப்போம். ரெண்டாவதை எழுதலன்னா முதல் வேலை பாதிதான் முடிஞ்சதுன்னு ஜூனியர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கேன்.

அந்த அக்கா சொன்னது

ஃபோன் பண்ணி மன்னிப்பு கேக்கக் கூச்சமா இருந்தது. அதனால ஒரு சனிக்கிழமை நேர்லயே போனேன். இல்லத்தைப் பாத்துக்கிறவங்களுக்கு ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். முதல்ல மேடம்னு கூப்பிட்டேன், பத்து நிமிஷத்துல அது அக்கான்னு ஆயிடுச்சு. விஷயத்தைச் சொல்லிட்டு, "விட்டுப்போன 7,000 ரூபாயையும் இப்பவே கட்டிடறேன்க்கா"ன்னு ஃபோனை எடுத்தேன்.

"குடுத்தா வாங்கிக்கிறேன் தம்பி. வேணாம்னு சொல்ற நிலைமையில நாங்க இல்ல. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? ஒரே நாள்ல 7,000 வர்றதை விட, இன்னும் 28 மாசம் 250 தவறாம வந்தா எனக்கு ரொம்ப உபயோகம்"னாங்க.

எனக்குப் புரியல. கணக்குப்படி ரெண்டும் ஒண்ணுதானே? பாக்கப் போனா கையில முன்னாடியே வர்ற பணம்தானே மேல்?

அவங்க ஒரு நோட்டை எடுத்துக் காமிச்சாங்க. சாப்பாட்டுக்கு முன்பதிவு நோட்டு. பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவோட நினைவு நாள்னு ஆளுங்க வந்து ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுவாங்க. "ஞாயித்துக்கிழமைக்கு மூணு பேர் கேப்பாங்க தம்பி. செவ்வாய்க்கிழமைக்கு ஆள் இருக்காது. எல்லாரும் ஸ்வீட் வாங்கிட்டு வருவாங்க. இங்க பாதிப் பேருக்கு சுகர்."

சிரிச்சுட்டுத்தான் சொன்னாங்க. அப்புறம் சிரிக்காம சொன்னது இது: "கரண்ட் பில்லுக்கு யாரும் பிறந்தநாள் கொண்டாட மாட்டாங்க. டயப்பருக்கு யாரும் பேர் போட மாட்டாங்க. ராத்திரி பாத்துக்கிற ஆயா சம்பளத்துக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க. அதெல்லாம் உங்க மாதிரி மாசாமாசம் வர்ற பணத்துலதான் ஓடுது."

2021ல அவங்களுக்கு மாசாமாசம் கொடுக்கிறவங்க எண்பது பேர் இருந்திருக்காங்க. அந்த அக்டோபருக்கு அப்புறம் திரும்பப் பதிவு பண்ணவங்க முப்பது பேர். மீதி ஐம்பது பேர் என்னை மாதிரி. ஐம்பது பேர், ஆளுக்கு 250ன்னு வெச்சாக்கூட மாசம் 12,500 ரூபாய். ராத்திரிக்கு ரெண்டு ஆயா இருந்த இடத்துல ஒருத்தரை நிறுத்த வேண்டியதாயிருக்கு. "யாரையும் குத்தம் சொல்லல தம்பி. அவளுக்கும் ஒரு குடும்பம் இருந்துச்சுல்ல, அதான் மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

நான் ஒருத்தன் மட்டும் கொடுத்திருந்தா அந்த ஆயா வேலை நிலைச்சிருக்காது. அது எனக்குத் தெரியும். ஆனா அந்த ஐம்பதுல ஒண்ணு நான்.

நன்மை: வரும்னு தெரியுறது

அந்தப் பேச்சுக்கப்புறம்தான் எனக்கு இந்த விஷயம் சரியாப் புரிஞ்சது. மாதாந்திர நன்கொடையோட பலம் தொகையில இல்ல. அது அடுத்த மாசமும் வரும்ங்கிற உறுதியில இருக்கு. பெரிய தொகை ஒருநாள் வந்தா ஒரு வாஷிங் மெஷின் வாங்கலாம். அதை நம்பி ஒரு ஆளை வேலைக்கு வைக்க முடியாது. சம்பளம் மாசாமாசம் கொடுக்க வேண்டியது. அதனால அதுக்கான வரவும் மாசாமாசம் வரணும். நாமளும் மாசச் சம்பளக்காரங்கதானே, இது நமக்குப் புரியணும்.

ரெண்டாவது, இந்தப் பணம் பெரும்பாலும் கட்டில்லாத பணம். 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல இருக்கிற நிறுவனங்கள் கடந்த மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதத்தை சமூகப் பொறுப்புக்குச் செலவு பண்ணணும். நல்ல விஷயம். ஆனா அந்தப் பணம் பெரும்பாலும் ஒரு ப்ராஜெக்டோட சேர்ந்து வரும். வகுப்பறை கட்டு, கம்ப்யூட்டர் வாங்கு, போட்டோ எடுத்து அனுப்பு. கட்டின வகுப்பறையைக் கூட்டுறவங்களுக்குச் சம்பளம் அந்தத் திட்டத்துல இருக்காது. அதை நிரப்புறது பேர் போட்டுக்காத சின்னப் பணம்தான்.

மூணாவது, நம்ம மனநிலையை நம்ப வேண்டியதில்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தப்போ சென்னையில எப்படி உதவி குவிஞ்சதுன்னு ஞாபகம் இருக்கா? 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கும் அப்படித்தான். அது பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனா தண்ணி வடிஞ்சதும் நம்ம கவனமும் வடிஞ்சிடும். ஆட்டோ டெபிட் செய்தியில வராத மாசத்துலயும் கொடுக்கும்.

நாலாவது, இப்ப இது சுலபம். யூபிஐ ஆட்டோபே 2020 ஜூலையில வந்தது. ஒரு தடவை பின் போட்டா போதும், 15,000 ரூபாய்க்குள்ள இருக்கிற வழக்கமான மாதப் பணத்துக்கு ஒவ்வொரு தடவையும் ஓடிபி தேவையில்ல. கார்டுல கொடுத்தா சுமார் 2 சதவீதம் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து 250 ரூபாய்க்கு 5, 6 ரூபாய் போகும். வங்கிக் கணக்குலேர்ந்து நேரா போற யூபிஐ பணத்துக்கு 2020 ஜனவரியிலேர்ந்து அந்த வணிகர் கட்டணம் இல்ல. நடுவுல இருக்கிற பேமென்ட் நிறுவனம் தன் சேவைக்குன்னு தனியா வாங்கலாம், அது வேற. ஆனாலும் 100 ரூபாயைக்கூட அர்த்தமுள்ளதா அனுப்ப முடியுதுன்னா அதுக்கு யூபிஐ ஒரு முக்கியக் காரணம்.

சிக்கல்: நல்லவன்ங்கிற நினைப்பு

இப்ப மறுபக்கம். முதல் சிக்கல் நான் சொன்ன கதைதான். மறதி. அது ரெண்டு பக்கமும் வெட்டும். நின்னுபோனதும் தெரியாது, நிறுத்த வேண்டியது ஓடிக்கிட்டே இருந்தாலும் தெரியாது. அந்த இடம் இப்ப எப்படி நடக்குது, ஆளே மாறிட்டாங்களான்னு நமக்குத் தெரியாமலே வருஷக்கணக்குல பணம் போகலாம்.

ரெண்டாவது, சிதறடிக்கிறது. மனசு இளகின போதெல்லாம் 50 ரூபாய், 50 ரூபாய்னு பத்து இடத்துல பதிவு பண்ணி வெச்சிருக்கிறவங்க உண்டு. ஒவ்வொரு இடத்துலயும் உங்களுக்காக ஒருத்தர் ரசீது போடணும், பான் நம்பரைச் சரிபார்க்கணும், வருஷக் கடைசியில வரித்துறைக்குக் கணக்குக் கொடுக்கணும். இந்த வேலை 50 ரூபாய்க்கும் அதேதான், 5,000 ரூபாய்க்கும் அதேதான். அதனால பத்து 50ஐ விட ஒரு 500 எவ்வளவோ மேல்.

மூணாவது, எப்படிப் பதிவு பண்றோம்ங்கிறது. மால் வாசல்ல கையில டேப்லெட்டோட ஒரு தம்பியோ தங்கச்சியோ நிப்பாங்க. "சார், ரெண்டு நிமிஷம்." பல நேரம் அவங்க அந்தத் தொண்டு நிறுவனத்தோட ஊழியர் இல்ல, நிதி திரட்டித் தர்ற ஏஜென்சியோட ஆளு. அது மோசடி இல்ல, உலகம் முழுக்க இருக்கிற முறைதான். ஆனா உங்களைச் சேர்த்ததுக்கான செலவை உங்களோட முதல் பல மாசப் பணம்தான் ஈடுகட்டும். மூணு மாசத்துல நிறுத்திட்டீங்கன்னா அந்த நிறுவனத்துக்கு உங்களால நஷ்டமாக்கூட இருக்கலாம். கொடுக்கணும்னு தோணுச்சுன்னா பேரைக் குறிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்து, யோசிச்சு, நேரா அவங்க தளத்துல பதிவு பண்ணுங்க.

நாலாவது, கணக்குல பணம் இல்லாத மாசம். வங்கி வழியா தானா கழியுற உத்தரவு பணம் இல்லாம திரும்பினா, பல வங்கிகள் சில நூறு ரூபாய் அபராதம் போடும். 200 ரூபாய் நன்கொடைக்கு அதைவிட அதிகமா அபராதம் கட்டினா யாருக்கு லாபம்? புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்க சம்பளம் வந்த அடுத்த ரெண்டு மூணு நாளுக்குள்ள கழியுற மாதிரி தேதி வைங்க.

அஞ்சாவது, வரி. 80ஜின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. பழைய வரிமுறையில இருந்தா, பெரும்பாலான தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்ததுல பாதித் தொகை உங்க வருமானத்துலேர்ந்து கழியும். மாசம் 250ன்னா வருஷம் 3,000. அதுல பாதி 1,500. நீங்க 20 சதவீத அடுக்குல இருந்தா மிச்சமாகுறது சுமார் 300 ரூபாய். புதிய வரிமுறையில இருந்தா இந்தச் சலுகையே கிடையாது. ஆக, வரிக்காகக் கொடுக்காதீங்க. கொடுக்கிறதுக்காகக் கொடுங்க. ரசீது வந்தா வாங்கி வெச்சுக்கோங்க.

கடைசிச் சிக்கல்தான் எனக்கு ரொம்ப வலிச்சது. 250 ரூபாய்ல 'நான் நல்லவன்'ங்கிற சான்றிதழ் கிடைச்சிடும். அதை வெச்சுக்கிட்டு மத்த எதையும் செய்யாம தப்பிச்சிடலாம். என் ரத்ததானக் கதை மாதிரி.

இப்ப நான் என்ன செய்யறேன்

அதுக்காக ஆட்டோ டெபிட்டே வேணாம்னு நான் சொல்லல. கையால கொடுக்கிறேன்னு ஆரம்பிச்சா மூணாவது மாசம் விட்டுடுவேன், என்னை எனக்குத் தெரியும். பணத்தைத் தானா போக விடறேன். கவனத்தை மட்டும் தானியங்கியா ஆக்கக் கூடாதுன்னு வெச்சிருக்கேன்.

ரெண்டே இடம். அந்த இல்லம் ஒண்ணு, நான் படிச்ச ஊர்ல இருக்கிற ஒரு மாலைநேர வகுப்பு ஒண்ணு. ஆளுக்கு 750 ரூபாய். பணம் கழியுறதுக்கு முந்தின நாள் வர்ற எஸ்எம்எஸ்ஸை இப்ப தள்ளிவிடறதில்ல. அது மாசத்துக்கு ஒரு தடவை என்கிட்ட கேக்கிற கேள்வி, இன்னும் கொடுக்கலாமான்னு. வருஷம் ஒரு தடவை, ஏப்ரல் முதல் வாரத்துல, காலண்டர்ல குறிச்சு வெச்சிருக்கேன். தணிக்கை பண்ண கணக்கு இருக்கான்னு கேப்பேன். ஒரு ஃபோன் பண்ணுவேன். வருமானவரித் துறை தளத்துலயும், நிதி ஆயோக்கோட தர்பன் தளத்துலயும் பேர் இருக்கான்னு பார்க்கலாம். ஆனா அங்க பேர் இருக்கிறது பதிவு இருக்குங்கிறதுக்குத்தான் அடையாளம், நல்லா நடக்குதுங்கிறதுக்கு இல்ல. அதுக்கு நேர்ல போகணும்.

இன்னொண்ணு. நிறுத்துறது தப்பில்ல. வேலை போகும், வீட்டுல ஆஸ்பத்திரிச் செலவு வரும். நிறுத்துறதா இருந்தா ரெண்டு மாசம் முன்னாடி ஒரு மெயில் போடுங்க. நம்ம பணத்தை நம்பி அங்க ஒருத்தர் சம்பளக் கணக்கு போட்டிருக்கலாம்.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. இந்த மாதாந்திர நன்கொடை ஏதோ ஸ்டார்ட்அப் கண்டுபிடிப்புன்னு நினைச்சேன். எங்கம்மாகிட்ட சொன்னப்போ, "அட, பிடி அரிசிதானே?"ன்னாங்க. காஞ்சிப் பெரியவர் வலியுறுத்தின திட்டம் அது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பாத்திரத்துல போட்டு வைக்கணும், சேர்ந்ததும் இல்லாதவங்க சாப்பாட்டுக்குப் போகும். மிசோரத்துல பிரஸ்பிடீரியன் சபையைச் சேர்ந்த வீடுகள்லயும் 1910லேர்ந்து இதே மாதிரி சமைக்கிறப்பல்லாம் ஒரு பிடி எடுத்து வைக்கிறாங்க. 'புஃபாய் தாம்'னு பேரு. வீடு வீடாப் போய் அதைச் சேர்க்க ஆளுங்க வருவாங்க.

அதுதான் என் மண்டையில தட்டுச்சு. வாங்க ஒருத்தர் வாசலுக்கு வருவார். பாத்திரம் காலியா இருந்தா, அன்னிக்கே ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிடும். நான் எழுத மறந்த அலாரம், அந்தப் பழைய முறையில முதல் நாள்லேர்ந்தே இருந்திருக்கு.

அந்த அக்கா போன மாசம் மெசேஜ் பண்ணாங்க. ராத்திரிக்கு மறுபடியும் ரெண்டாவது ஆயா வெச்சிருக்காங்களாம். பழைய ஆள் வரல, அவங்க வேற வேலைக்குப் போய்ட்டாங்க. புதுசா ஒருத்தங்க.

சரி மக்களே. ஆரம்பத்துல திறக்கச் சொன்ன ஆட்டோபே பகுதியை இன்னும் திறக்கலன்னா இப்ப திறங்க. நீங்க நம்பிக்கிட்டு இருக்கிறது நிஜமாவே ஓடுதான்னு பாருங்க. ஓடினா, ஒரு ஃபோன் பண்ணுங்க. நின்னுபோயிருந்தா, என்னை மாதிரி கூச்சப்பட்டு நாளைக் கடத்தாதீங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.